ஓசையில்லா உலகில் ஓர் ஆட்ட வீரர்

‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்பது பழமொழி. நம் கட்டுரை நோட்டுகளில் இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஆனால் ஒருவருக்கு மட்டும் மனமிருந்தால் போதுமா? அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கும் மனம் வேண்டாமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

விளையாட்டுத் திடல் என்றாலே ஓசைதான். விசில் ஊதுகிறது, “ஓடு, ஓடு!” என்று தோழிகள் கத்துகிறார்கள், நடுவர் தீர்ப்புக் கூறுகிறார், கைதட்டல் வானைப் பிளக்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் காதால் கேளாத ஒருவர், அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்பால் ஆட்டத்தில் 14 பருவங்கள் ஆடினார். ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட போட்டிகளில் களம் இறங்கினார். அவர்தாம் வில்லியம் எல்ஸ்வொர்த் ஹோய்.

பேஸ்பால் ஆட்டம்

கிரிக்கெட் ஆட்டத்தை அறியாதவர் நம்மில் இல்லை. பேஸ்பால் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். ஓர் அணிக்கு ஒன்பது பேர். களத்தில் ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். மட்டை பிடிப்பவர் ‘ஹோம்’ என்னும் தளத்தில் நின்று பந்தை அடித்துவிட்டு, முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றை வரிசையாகத் தொட்டு மறுபடியும் ‘ஹோம்’ வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். ஒரே மூச்சில் ஓட வேண்டுவதில்லை. ஒரு தளத்தில் நின்று, சமயம் பார்த்து அடுத்ததற்கு ஓடலாம். எதிரணியினர் அயர்ந்திருக்கும் நேரத்தில், பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்திற்கு ஓடிவிடுவதைத் ‘தளத் திருட்டு’ என்பார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய திருட்டன்று இது. பாராட்டுப் பெறும் திருட்டு!

தளங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் புல்வெளிக்குப் புறக்களம் என்று பெயர். அங்கே இடப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என மூவர் காவல் நிற்பர். உயரப் பறந்து வரும் பந்தைப் பிடிப்பதும், உருண்டு ஓடும் பந்தைத் துரத்தி எடுத்துத் தளத்திற்கு எறிவதும் அவர்கள் வேலை. மூவரிலும் நடுவில் நிற்பவருக்கே ஓட்டம் அதிகம். நம் ஹோய் நின்ற இடம் அதுதான்.

இன்னும் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எறியப்பட்ட பந்து அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தும் மட்டைக்காரர் அடிக்காமல் விட்டாலும், வீசித் தவறினாலும், நடுவர் ‘ஸ்டிரைக்’ என்பார். எல்லைக்கு வெளியே போனதை அடிக்காமல் விட்டால் ‘பால்’ என்பார். (இது பசும்பால் அன்று, பந்து!) இன்றைய விதிப்படி மூன்று ஸ்டிரைக் ஆனால் மட்டைக்காரர் வெளியேற வேண்டும், நான்கு பால் ஆனால் முதல் தளம் அவருக்கு இனாம். ஆகவே இதுவரை எத்தனை ஸ்டிரைக், எத்தனை பால் என்ற கணக்கு மட்டைக்காரரின் மனத்தில் இருந்தே ஆகவேண்டும். ஹோய் ஆடத் தொடங்கிய நாளில் நடுவர் அக்கணக்கை வாயால்தான் சொன்னார். காது கேளாத மட்டைக்காரர் என்ன செய்வார்?

மூன்று வயதில் மூடிய கதவு

ஹோய் 1862ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹௌக்டவுன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் கண்டது. உயிர் தப்பியது, செவிப்புலன் போயிற்று. பேச்சைக் கேட்டால் அன்றோ பேச்சு வளரும்? அதனால் பேச்சும் நின்றது.

பெற்றோர் அவரைக் கொலம்பஸ் நகரில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தனர். அங்கே சைகை மொழியில் பாடங்கள் நடந்தன. பிந்திச் சேர்ந்த பையன் விரைந்து படித்து, 1879இல் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

இந்தச் சைகைக் கல்வி அமெரிக்காவுக்கு வந்த வழி நம்போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவிகள் அறிய வேண்டியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஷார்ல் மிஷேல் த லெப்பே என்னும் குரு ஒருவர் இருந்தார். காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்த அவர், “இவர்களுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார் யார்?” என்று கவலைப்பட்டார். அந்நகரத்துக் காது கேளாதோர் தமக்குள் சைகையால் பேசிக்கொள்வதைக் கவனித்தார். அவர்களுக்குக் கற்பிக்கும் முன் அவர்களிடமே மாணவராய் அமர்ந்து அச்சைகைகளைக் கற்றார். அதன்பின் ஏழை, செல்வர் என்று பாராமல் இலவசமாகப் பள்ளி நடத்தினார். அந்தப் பாரிஸ் பள்ளியில் பயின்று ஆசிரியரான லோரன் கிளார்க் 1816இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார். அவரும் காது கேளாதவரே. மறு ஆண்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் தாமஸ் காலடெட் என்பவரோடு சேர்ந்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கிருந்து சைகைக் கல்வி மாநிலம் மாநிலமாகப் பரவிற்று. ஒஹையோப் பள்ளி 1829இல் எழுந்தது. பாரிஸில் ஒரு குரு ஏற்றிய விளக்கின் ஒளி, நூறாண்டு கழித்து ஓர் உழவர் மகனின் புத்தகத்தில் விழுந்தது!

செருப்புக் கடையிலிருந்து களத்திற்கு

பள்ளியை விட்டதும் ஹோய் செருப்புத் தைக்கும் தொழிலை மேற்கொண்டார். தம் ஊரில் சொந்தமாகக் கடையும் நடத்தினார். கோடைக் காலத்தில் கிராமத்து மக்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடப்பார்கள். கடையில் வேலை இராது. அந்நேரங்களில் கடைக்கு வெளியே சிறுவர்களோடு பந்தாடுவார். அவர் ஆட்டத்தைக் கண்டு வியந்த ஒருவரால் உள்ளூர் அணியில் ஆடும் வாய்ப்பு வந்தது. 1886இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகர அணி அவரைச் சம்பளத்திற்கு எடுத்துக்கொண்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல்தர ஆட்டத்தில் ஆடிய முதல் காது கேளாதவர் ஹோய் அல்லர். அதே ஒஹையோப் பள்ளியில் படித்த எட்வர்டு டண்டன், 1883இலேயே பந்து வீசுபவராக ஆடினார். ஆயினும் நெடுங்காலம் நிலைத்து நின்றவர் ஹோய்தான்.

உயர்ந்த கை

ஆஷ்காஷில் முதல் ஆண்டு ஹோய்க்குச் சோதனையாக இருந்தது. ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் அவர் திரும்பி நடுவரைப் பார்த்து, ஸ்டிரைக்கா பாலா என்று கேட்டறிய வேண்டியிருந்தது. அவர் திரும்பியிருக்கும் அந்த நொடியிலேயே எதிரணியின் பந்து வீசுபவர் அடுத்த பந்தை எறிந்துவிடுவார்! மட்டையைச் சரியாகப் பிடிப்பதற்குள் பந்து கடந்துவிடும். சட்டப்படி அது குற்றமாகாமல் இருக்கலாம், நியாயமா?

வேறொருவராக இருந்தால், “எனக்கு இது ஒத்து வராது” என்று கடைக்கே திரும்பியிருப்பார். ஹோய் யோசித்தார். மூன்றாம் தளத்தின் அருகே அவரது அணியைச் சேர்ந்த ஒருவர் நின்று, ஓடுபவர்களுக்கு வழிகாட்டுவது வழக்கம். மட்டை பிடித்து நிற்பவர் தலையைத் திருப்பாமலே அவரைப் பார்க்கலாம். ‘நடுவர் ஸ்டிரைக் என்றால் வலக் கையையும், பால் என்றால் இடக் கையையும் உயர்த்திக் காட்டும்’ என்று ஹோய் கேட்டுக்கொண்டார். அவரும் அவ்வாறே செய்தார். முடிந்தது! ஒரு கை உயர்ந்ததும் பெரிய தடை சிறு துரும்பாயிற்று. 1887இல் ஆஷ்காஷ் அணி தன் சங்கத்தின் வெற்றிக் கொடியைப் பெற்றது. அடுத்த ஆண்டே வாஷிங்டன் நகர அணி ஹோயை முதல்தர ஆட்டத்திற்கு அழைத்துக்கொண்டது.

இன்று பேஸ்பால் நடுவர்கள் வாயால் சொல்வதோடு கையாலும் தீர்ப்பைக் காட்டுகின்றனர். இவ்வழக்கம் ஹோயாலேயே வந்தது என்று பலர் எழுதியுள்ளனர். ஆராய்ந்தவர்கள் அதற்குத் தக்க சான்று இல்லை என்கின்றனர். ஹோய் எழுதிவைத்ததும் வழிகாட்டியின் கையைப் பற்றித்தான், நடுவரின் கையைப் பற்றி அன்று. உள்ளதை உள்ளபடி சொன்னாலே அவருக்குப் பெருமை. இல்லாத மகுடம் எதற்கு?

களத்தில் ஹோய்

ஐந்தரை அடிக்கு மேற்படாத உயரம். ஆனால் கால்களில் காற்று, தோளில் வலிமை. 1888இல் முதல் பருவத்திலேயே 82 தளங்களைத் ‘திருடி’ நேஷனல் லீக் என்னும் சங்கத்தில் முதலிடம் பெற்றார். 1889 ஜூன் 19ஆம் நாள் அவர் செய்த செயல் இன்றும் பேசப்படுகிறது. ‘ஹோம்’ நோக்கி ஓடிய எதிரணி வீரர் மூவரை, ஒரே ஆட்டத்தில், புறக்களத்திலிருந்து நேரே எறிந்து ஆட்டமிழக்கச் செய்தார். மூன்று முறையும் பந்து, ‘ஹோம்’ தளத்தைக் காத்து நின்ற கானி மாக் என்பவரின் கைகளில் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற அணி நிர்வாகியாக விளங்கியவர் அவரே.

புறக்களத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. ஒரே பந்தைப் பிடிக்க இருவர் ஓடி வந்தால் மோதிக்கொள்வார்கள். அதனால், “எனக்கு, எனக்கு!” என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் கொடுக்கும் குரல் ஹோய்க்குக் கேளாது. அதற்கும் வழி கண்டனர். பந்தைத் தாம் பிடிக்கப் போவதானால் ஹோய் தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுப்புவார், மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். ஒலி வராவிட்டால் மற்றவர் பிடிப்பார். அவரோடு ஆடியவர்கள் குழப்பமே வந்ததில்லை என்று நினைவுகூர்ந்துள்ளனர்.

காண வந்த கூட்டமும் கற்றுக்கொண்டது. அவர் அருமையாகப் பந்தைப் பிடித்தால் மக்கள் கைதட்டியதோடு நிற்கவில்லை. எழுந்து நின்று தொப்பிகளையும் கைகளையும் காற்றில் வீசினர். காதுக்கு எட்டாத பாராட்டு கண்ணுக்கு எட்ட வேண்டும் என்பதற்காக!

வாஷிங்டன், பஃபலோ, செயின்ட் லூயிஸ், சின்சினாட்டி, லூயிவில், சிக்காகோ எனப் பல நகர அணிகளில் ஆடினார். 1901இல் அவர் இருந்த சிக்காகோ அணி அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றது. 1902இல் முதல்தர ஆட்டத்திலிருந்து அவர் விலகியபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வெற்றி அடிகளும், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட ஓட்டங்களும், ஏறத்தாழ அறுநூறு தளத் திருட்டுகளும் அவர் கணக்கில் இருந்தன. அதன்பிறகும் 1903இல் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்காக ஒரு பருவம் ஆடினார். அப்போது அவருக்கு வயது 41.

பெயரில் ஒரு முள்

வரலாற்று நூல்களில் அவர் பெயர் ‘வில்லியம் ஹோய்’ என்று மட்டும் இராது. ‘டம்மி ஹோய்’ என்றே இருக்கும். நாம் ‘டம்மி’ என்றால் போலி என்று பொருள் கொள்கிறோம். அக்காலத்து ஆங்கிலத்தில் அது ‘ஊமை’ என்ற ஏளனச் சொல். காது கேளாத ஆட்டக்காரர் எவரானாலும் இதே பட்டம்தான். தாய் தந்தையர் இட்ட பெயர் எங்கோ மறைந்துவிடும். மூடன் என்ற பொருளும் அச்சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. வகுப்பில் முதல்வராகத் தேறியவருக்கு இப்படி ஒரு பட்டம்!

வியப்பு என்னவென்றால், ஹோய் அதற்காகச் சினந்ததில்லை. ‘வில்லியம்’ என்று அழைத்தவர்களையும் ‘டம்மி என்றே சொல்லுங்கள்’ என்று திருத்துவாராம். முள்ளை எடுத்து மாலையில் தொடுத்துக்கொண்டவர் அவர். ஆனால் அவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக முள் மலராகிவிடுமா? இன்று நல்லோர் யாரும் காது கேளாத ஒருவரை அச்சொல்லால் அழைப்பதில்லை.

இருவர் பேசிக்கொண்ட நாள்

1902 மே 16ஆம் நாள். சின்சினாட்டி அணிக்காக ஹோய் மட்டையோடு வந்து நின்றார். எதிரே நியூயார்க் அணிக்காகப் பந்து வீச நின்றவர் லூதர் டெய்லர். அவரும் காது கேளாதவர். அவருக்கும் ‘டம்மி’ என்றே பட்டம். காது கேளாத மட்டைக்காரரும் காது கேளாத பந்து வீசுபவரும் முதல்தர ஆட்டத்தில் எதிர் எதிரே நின்றது அன்றுதான். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்ய, ஹோய் தம் கைகளால் டெய்லரிடம், ‘உம்மைக் கண்டதில் மகிழ்ச்சி’ என்றார். அத்தனை இரைச்சலிலும் தெளிவாகப் பேசிக்கொண்டவர்கள் அவ்விருவர்தாம்!

டெய்லரின் நியூயார்க் அணிக்கு அதே ஆண்டில் தலைமை ஏற்ற ஜான் மெக்ரா, தாமும் விரல் மொழி கற்றார், அணியினரும் கற்றுக்கொண்டனர். ஒருவருக்காக ஓர் அணியே மாணவராயிற்று.

இல்லமும் இறுதியும்

ஹோய் 1898இல் அன்னா மரியா லௌரி என்னும் அம்மையாரை மணந்தார். அவரும் காது கேளாதவர். காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். அவர்கள் வீட்டு வாசலில் மணி இல்லை. ஒரு குமிழ் இருந்தது. வருபவர் அதை இழுத்தால் ஓர் ஈயக் குண்டு மரக்குழாயில் உருண்டு தரையில் ‘தொம்’மென்று விழும். அந்த அதிர்வைக் காலால் உணர்ந்து வீட்டார் கதவைத் திறப்பார்கள். இதனை ஹோயோடு ஆடிய சாம் கிராஃபோர்டு முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். விருந்தினரின் வருகையைக் காதால்தான் அறியவேண்டும் என்று யார் சொன்னது?

ஆட்டத்தை விட்டபின் சின்சினாட்டிக்கு அருகில் பால் பண்ணை நடத்தினார். (இது மெய்யாகவே பசும்பால்!) முதல் உலகப் போரின்போது ஒரு ரப்பர் தொழிற்சாலையில், காது கேளாத தொழிலாளர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பை ஏற்றார். மகன் கார்சன் பிற்காலத்தில் நீதிபதியானார். கேளாத பெற்றோரின் மகன், பிறர் வழக்கைக் கேட்டு நீதி வழங்கும் ஆசனத்தில் அமர்ந்தார்.

1961 அக்டோபர் 7ஆம் நாள் சின்சினாட்டியில் உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் முதல் பந்தை எறிய 99 வயது முதியவர் ஒருவர் வந்தார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஹோய்க்கு ஓசை கேட்கவில்லை. எழுந்து நின்ற மக்களைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 15இல் இறைவனடி சேர்ந்தார். நூறு நிறைய ஐந்து மாதங்களே இருந்தன.

நாம் கற்கும் பாடம்

இந்த வரலாற்றைப் படித்தபோது எங்களுக்குப் பெருமிதம் மட்டும் உண்டாகவில்லை, வெட்கமும் உண்டாயிற்று. காரணத்தை மறைக்காமல் சொல்கிறோம். எங்களுக்கு இளைய வகுப்பில் ஒரு மாணவிக்குக் காது மந்தம். ஓட்டப் பந்தயங்களில் விசில் ஊதியதும் எல்லோரும் பாய்வார்கள். அவளோ பக்கத்திலிருப்பவள் ஓடுவதைக் கண்ட பிறகே புறப்படுவாள். ஒவ்வொரு முறையும் கடைசி. “மெதுவண்டி” என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அதைவிடக் கொடிய பெயரும் எங்களில் சிலர் வாயில் வந்ததுண்டு. அவள் கால்களில் குறையில்லை, எங்கள் விசிலில்தான் குறை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனவே இம்முறை விளையாட்டு விழாவுக்கு முன் உடற்பயிற்சி ஆசிரியையிடம் சென்று, விசில் ஊதும்போதே ஒரு சிவப்புக் கைக்குட்டையையும் கீழே வீச வேண்டுமென்று கேட்டோம். ஆசிரியை ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு, “இதை எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். கைக்குட்டை விழுந்தது; எல்லோரும் ஓடினார்கள். அந்தத் தங்கை முதலாவதாக வரவில்லை, நான்காவதாக வந்தாள். ஆனால் எல்லோருடனும் சேர்ந்தே புறப்பட்டாள்.

நற்செய்தியில் நம் ஆண்டவர் இயேசு காது கேளாத ஒருவனைக் குணமாக்கியபோது, அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்று விரலால் தொட்டார். கேட்க இயலாதவனுக்கு முதலில் புரிந்தது அந்த விரல்தானே? புதுமை செய்யும் வல்லமை நமக்கில்லை. ஆனால் ஆண்டவர் நமக்கும் கைகளைத் தந்திருக்கிறார். ஹோயின் தோழர் மூன்றாம் தளத்தின் அருகே நின்று செய்தது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. கையை உயர்த்தினார், அவ்வளவுதான்.

மனமிருந்தால் மார்க்கமுண்டு. ஹோய்க்கு மனம் இருந்தது, சுற்றி நின்றவர்களுக்கும் இருந்தது, மார்க்கம் பிறந்தது. நம் வகுப்பில், நம் வீட்டில், நம் தெருவில் நம் கையை எதிர்பார்த்து நிற்பவர் யார் என்று சற்றே திரும்பிப் பார்ப்போம். பட்டப்பெயர் சூட்டும் நாவை அடக்கி, உதவும் கையை உயர்த்துவோமாக!